எச்சில் இலைக்குள் கிடந்த கன்றுகள்

இருளாயிக்கு மரங்களின் மேல் ஆசை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புதுக்கோட்டையில், அறந்தாங்கி சாலையை ஒட்டிப் புதிதாக எழுந்திருக்கும் நகர் ஒன்றில், கல்யாண மண்டபத்துக்குப் பின்புறம் புங்கனும் வேம்பும் நாவலுமாக ஒரு சின்னத் தோப்பு நிற்கிறது. வைத்தவள் அவள்தான். அவளை வைக்கச் செய்தது அருவருப்பு. கேட்டால் அவளே சொல்வாள்: "நாத்தம் தாங்கலை, வச்சேன். வேற என்ன?"

அந்த இடம் முன்பு தைலமரக்காடு. மரத்தை வெட்டி, தூரைத் தோண்டி, சரளை மண்ணை மட்டப்படுத்தி, கல் நட்டு மனைகளாக விற்றார்கள். விதிப்படி ஒரு மூலையைப் பூங்காவுக்கு ஒதுக்கினார்கள். ஒதுக்கியதோடு சரி. 'பூங்கா' என்று எழுதிய தகரப் பலகை கொஞ்ச காலம் நின்றது. பிறகு யாரோ அதைக் கழற்றிக்கொண்டு போய்க் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கிக்கொண்டார்கள். ஊர் மாநகராட்சி ஆனது. மனை விலை ஏறியது. வீட்டுக்கு வீடு கண்ணாடிக் கதவும் கண்காணிப்புக் கேமராவும் வந்தன. வீட்டுக் குப்பை முழுவதும் அந்த மூலைக்கு வந்தது.

காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வரத்தான் செய்கிறது. மக்குவதையும் மக்காததையும் பிரித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பிரிக்க வேண்டுமென்றால் கையால் தொட வேண்டும். தான் தின்ற மீனின் செதிலைத் தானே தொடக் கூசிய மனிதர்கள், அதைக் கறுப்புப் பையில் முடிந்து, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்து, அலுவலகம் போகிற வழியில் வண்டியை நிறுத்தாமலே வீசினார்கள். வீசிய கையாலேயே நெற்றித் திருநீற்றைச் சரிசெய்துகொண்டு போனார்கள். பை விழுந்த இடத்தில் நாய்கள் காத்திருந்தன. குழந்தைகளின் மலத்துணி, கோழிக்குடல், கெட்டுப்போன மாவு, மருந்துப் புட்டி, தலைமுடிச் சுருள் எல்லாம் வெயிலில் வெந்து ஒரே வாடையாகக் கிளம்பும்.

அந்த வாடைக்கு நேர் எதிரே இருந்தது இருளாயியின் ஒரே ஜன்னல். வீடு கட்டுகிறவர்கள் சிமெண்டு மூட்டை அடுக்கிவைக்கப் போட்ட அறை அது. மேலே ஆஸ்பெஸ்டாஸ். வாடகைக்கு அதில் அவளும் புருஷன் ஆண்டியப்பனும் இருந்தார்கள். அவன் செங்கல் லாரியில் ஏற்றி இறக்குகிறவன். வீட்டில் இருக்கிற நேரம் குறைவு, இருக்கிற நேரத்தில் தூக்கம். ஜன்னலைத் திறந்தால் வாடை, மூடினால் புழுக்கம் என்கிற கஷ்டம் முழுக்க அவளுக்குத்தான்.

இத்தனைக்கும் அவள் வேலையே எச்சில் எடுப்பதுதான். மண்டபத்தில் பந்தி முடிந்ததும் இலை எடுத்து, மேசை துடைத்து, கைகழுவும் தொட்டியை அலசி, கழிவறை கழுவுகிற நான்கைந்து பெண்களில் அவள் மூத்தவள். பல வருஷமாகச் செய்தும் அவளுக்கு அது பழகவில்லை. கடித்துவிட்டு வைத்த ஜாங்கிரியைப் பார்த்தால் இப்போதும் குமட்டும். மண்டபத்துச் சாப்பாட்டில் ஒரு பருக்கை தொட மாட்டாள், வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள். கூட வேலை பார்க்கும் அடைக்கலமேரி நேர்மாறு. மிச்சமான பாயசத்தை அண்டாவோடு சாய்த்துக் குடிப்பாள்.

"ஏக்கா, ஒனக்குப் போய் ஆண்டவர் இந்த வேலையைக் குடுத்தாரே. நீயெல்லாம் ஆசுபத்திரியில ஊசி போட்டுக்கிட்டு வெள்ளைச் சேலையில நிக்க வேண்டியவ."

"அங்க மட்டும் என்ன, பன்னீரா தெளிச்சு வச்சிருக்காக? பேசாம எலையை எடுடி."

கல்யாண வீட்டார் போகிறவர்கள் கையில் தாம்பூலப் பையோடு ஒரு மரக்கன்றும் கொடுக்கத் தொடங்கியது சில வருஷங்களுக்கு முன்புதான். சந்தனமும் கல்கண்டும் இருக்கும் மேசைக்குப் பக்கத்தில் கறுப்புப் பைகளில் வேம்பும் புங்கனும் நாவலும் நெல்லியும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் மஞ்சள் அட்டை ஒன்று தொங்கும். மேலே பிள்ளையார் சுழி, நடுவில் சிவப்பு எழுத்தில் மணமக்கள் பெயர், கீழே 'மரம் வளர்ப்போம்'. வாங்குகிறவர்கள் வீடியோக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி வாங்கினார்கள். வாசல் தாண்டியதும் கன்றை எங்கே வைத்துத் தொலைப்பதென்று பார்த்தார்கள். மாடிப்படியில் வைத்தார்கள், கைகழுவும் தொட்டிக்கு அடியில் தள்ளினார்கள், கார் சக்கரத்துக்குக் கீழே விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாம் முறை காபி குடிக்கப் பந்திக்குள் வந்தவர்கள் மடித்த இலைக்குள்ளேயே செருகினார்கள். ஒரு ஆவணி முகூர்த்தத்தில், சாம்பாரும் மோரும் வழிகிற இலைக்குவியலிலிருந்து இருளாயி ஒவ்வொன்றாக உருவினாள். ஒரு வேப்பங்கன்றின் குருத்தில் யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பியிருந்தார்கள்.

அவள் உருவியது இரக்கப்பட்டு அல்ல. இலை அள்ளும் டிராக்டர்காரன் மண்ணோடு இருக்கும் பைகளை ஏற்ற மாட்டேனென்றான். மண்டப மேலாளர் உதயசூரியன் வழக்கம்போலப் பின்பக்கம் கையைக் காட்டினார்.

"பின்னாடி அந்தக் குப்பையில கொட்டிருங்கம்மா."

"பின்னாடின்னா எங்க வீட்டு ஜன்னலுக்கு நேரா சார்."

"அதான் ஏற்கெனவே குப்பைதானே. இன்னும் நாலு கெடந்தா என்ன ஆகப்போவுது?"

அந்த வார்த்தைதான் அவளைக் கிளப்பியது. ஆண்டியப்பனின் கடப்பாரையை எடுத்துவந்து, ஜன்னலுக்கும் குப்பைக்கும் நடுவே குறுக்கே குழி போட்டுக் கன்றுகளை வரிசையாக நட்டாள். இலை தழைத்தால் கண்ணுக்காவது மறையும் என்பது கணக்கு.

பலன் வேறு விதமாக வந்தது. பல் துலக்கிக்கொண்டு ஜன்னலில் நின்றபோது பார்த்தாள். தினமும் வீசுகிற ஆள் ஒருவன் ஸ்கூட்டரில் வந்தான், பையை ஓங்கினான், கன்றில் தொங்கிய அட்டையைப் பார்த்தான், கையை இறக்கினான். வண்டியை இன்னும் கொஞ்சம் தள்ளி உருட்டிக்கொண்டு போய், கன்று இல்லாத இடத்தில் வீசினான். அடுத்து வந்த பெண்ணும் அப்படியே செய்தாள். மஞ்சள் அட்டை, பிள்ளையார் சுழி, மணப்பெண் பெயர். அதன் மேல் மீன் கழிவைக் கொட்டக் கை வரவில்லை. கன்றை இலைக்குள் எறிய வந்த கைதான். ஆனால் அது மண்ணில் ஊன்றி, பெயரைத் தாங்கி நின்றதும் கூசியது.

"பேரு தொங்குற எடத்துல போட மாட்டேங்கிறாய்ங்க மேரி."

"அப்படின்னா கல்யாணத்துக்குக் கல்யாணம் கட்டி விட்டுற வேண்டியதுதானேக்கா."

அப்படித்தான் செய்தாள். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கன்றுகளைப் பொறுக்கி, குப்பையை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி, தள்ளிய இடத்தைச் சுரண்டி, குழி எடுத்து நட்டாள். சுரண்டிய குப்பையை முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பிரித்துக் காலை வண்டியில் ஏற்றினாள். பிரிக்கும்போது இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். ஆண்டியப்பன் கட்டிலில் படுத்தபடி சிரித்தான்.

"எச்சி எலை எடுக்கப் போனவ, செடிக்கெல்லாம் தாலி கட்டிக்கிட்டுத் திரியுறா."

கன்று நடுவது அவளுக்குத் தெரிந்த வேலை அல்ல. முதலில் நட்டவற்றைப் பையோடு புதைத்தாள். வேர் உள்ளேயே சுருண்டு சில போயின. பையைக் கிழித்து நட வேண்டுமென்று அப்புறம் புரிந்தது. ஒரு வைகாசிக் கல்யாணத்தில் வந்த நெல்லிக்கன்றுகளுக்குக் கைகழுவும் தொட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். எண்ணெயும் சோப்பும் படிந்து, ஆடி பிறப்பதற்குள் அத்தனையும் கருகின. அதற்குப் பிறகுதான் மணமகள் அறை, மணமகன் அறை ஏசிகளிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சுவரோரம் வாளி வைத்துப் பிடிக்கத் தொடங்கினாள். மண்டபத்தில் சுத்தமாக இருந்த ஒரே தண்ணீர் அதுதான்.

நெல்லி செத்தாலும் அதன் அட்டைகளை அவள் எறியவில்லை. மற்றக் கல்யாணங்களின் அட்டை காகிதம். மழையில் ஊறிச் சில விழுந்துவிடும். இது பிளாஸ்டிக் போர்த்திய பெரிய அட்டை, தூரத்திலிருந்தே படிக்கலாம்: 'ரம்யா – வசந்த்'. சாலையோரம் அட்டை இல்லாமல் நின்ற மூன்று புங்கங்கன்றுகளில் அவற்றைக் கட்டினாள். குப்பை வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான். பெயர் யாருடையது, கன்று யாருடையது என்று அவள் யோசிக்கவே இல்லை. அவளுக்குச் செடியைவிட அட்டை முக்கியம்.

இரண்டு வருஷத்தில் புங்கன் ஆள் உயரத்தைத் தாண்டியது. குப்பை கடைசி மூலைக்கு ஒதுங்கி, பிறகு இல்லாமலே போனது. ஜன்னலைத் திறந்துவைத்து அவள் தூங்கினாள். இடம் பச்சையானதும் மனிதர்களுக்கு அதன் மேல் பாசம் வந்துவிட்டது. நடைப்பயிற்சிக்காரர்கள் நிழலில் நின்று கை காலை ஆட்டினார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு ஜோடி தங்கள் பெயர் தொங்கும் வேம்பைத் தேடிப்பிடித்துப் படம் எடுத்தது. பெண்ணின் தாயார் தண்டுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள்.

"எச்சி எலைக்குள்ள சொருகிட்டுப் போனவுக, இப்பப் பொட்டு வைக்க வந்துட்டாக," என்று இருளாயி அடைக்கலமேரியிடம் முணுமுணுத்தாள். "தூ."

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஆனந்தராஜும் வந்தார். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் சாலையோரப் புங்கனைப் பிடித்துக்கொண்டு நின்று படம் எடுத்து, 'நமது சங்கத்தின் பசுமை முயற்சி' என்று வாட்ஸ்அப்பில் போட்டார். அந்தப் படத்தில் அவர் தோளுக்கு மேலே மஞ்சள் அட்டை பளிச்சென்று தெரிந்தது. படம் கைமாறிக் கைமாறி அன்னவாசல் வரை போயிற்று.

மாசி மாதம் ஒரு காலை, அன்னவாசல் ஆட்டோ ஒன்றிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் இறங்கினாள். பின்னாலேயே அவள் தம்பி கடப்பாரையோடு இறங்கினான். அவள் பெயர் பிரகதீஸ்வரி, அட்டையில் இருக்கும் ரம்யாவின் தாய்.

"யாரு இதுக்குப் பொறுப்பு?"

"பொறுப்புன்னு யாருமில்லைங்க. நாந்தான் வச்சேன். என்ன வேணும்?"

"இந்த மூணு மரத்தையும் எடுக்கணும்."

"எதுக்குங்க எடுக்கணும்?"

"எம்மக பேரு தொங்குது. அந்தப் பய பேரும் தொங்குது. போன மாசந்தான் கோர்ட்டுல அத்துவிட்டாக. அதுக்குள்ள எங்க சொந்தக்காரி ஒருத்தி இந்தப் படத்தைக் காட்டி, 'ஒம்மகளும் மருமகனும் நேர்ல சேந்து நிக்கலைன்னாலும் மரத்துல சேந்து நிக்கிறாக'ன்னு சிரிக்கிறா. நான் தலை நிமிந்து நடக்க வேணாமா?"

"அட்டைதானேங்க. இந்தா, அவுத்துத் தாரேன்."

"அட்டையை அவுத்தா ஆச்சா? பேரைக் கட்டித் தண்ணி ஊத்தி வளத்த மரம். இது தழைக்கத் தழைக்க அவன் சங்காத்தமும் தழைக்கும். சோசியர் சொல்லிட்டாரு, வேரோட எடுத்தாத்தான் எம்மகளுக்கு அடுத்தது அமையுமாம்." அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? போடு."

கடப்பாரை தூரில் இறங்குவதற்குள் இருளாயி அதைப் பிடித்துவிட்டாள். இந்த மூன்றும் போனால் சாலைப் பக்கம் திறந்துகொள்ளும், மறுநாளே பை விழும். இன்று இவள் பிடுங்கினால் நாளை இன்னொருத்தி வருவாள். கல்யாணம் செய்துகொண்டவர்கள் அத்தனை பேருமா ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறார்கள்? உண்மையைச் சொன்னால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

"நில்லுங்க. இது ஒங்க கன்னே இல்லை."

"என்னது?"

"ஒங்க வீட்டுக் கல்யாணத்துல குடுத்தது நெல்லி. இது புங்கன். ஒங்க கன்னெல்லாம் செத்துப்போச்சு. அந்த அட்டையை அவுத்து இதுல கட்டினேன். இதுக்கும் ஒங்களுக்கும் ஒட்டுமில்லை, ஒறவுமில்லை."

பிரகதீஸ்வரி புங்கன் இலை ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நெல்லிதான் வேண்டுமென்று தேடித் தேர்ந்தெடுத்தவள் அவள்தான்.

"எப்பச் செத்துச்சு?"

"அது ஆச்சுங்க, கல்யாணம் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே."

"கேக்குறேன்ல, எப்ப?"

"ஆடிக்கு முன்னாடி."

"ஆடிக்குத்தான் எம்மகளை அழைச்சுட்டு வந்தோம்," என்றாள் பிரகதீஸ்வரி. "தலையாடிக்கு வந்த புள்ளை, திரும்பிப் போக மாட்டேன்னு உக்காந்தா. நான் யார் யாரையோ சந்தேகப்பட்டேன். நீதானாடி? நீ கொன்னுட்டு, கொன்னது தெரியாம அட்டையை மாத்திக் கட்டி மூடி வச்சிருக்கியா?"

இருளாயிக்கு ரத்தம் தலைக்கேறியது.

"நானா கொன்னேன்? ஒங்க சாதி சனந்தான் கொன்னுச்சு. எலைக்குள்ள கெடந்துச்சும்மா ஒங்க நெல்லி. ரசத்துலயும் மோருலயும் ஊறிக் கெடந்துச்சு. கக்கூசு வாசல்ல ரெண்டு, கைகழுவுற எடத்துல எச்சித் தண்ணியில நாலு. நான் கழுவி எடுத்து வச்சேன். எனக்குத் தெரிஞ்ச தண்ணியை ஊத்தினேன், அது சேரலை. அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றீக?"

தம்பிக்காரன் கடப்பாரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிரகதீஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"எல்லாருமா போட்டுட்டுப் போனாக?" என்று கேட்டாள். கோபம் போய் வெறும் குரலாக இருந்தது.

"ஒண்ணு ரெண்டு பேரு கொண்டுபோயிருப்பாக," என்றாள் இருளாயி. அப்படி யாரும் கொண்டுபோனதை அவள் பார்க்கவில்லை.

மரத்தைத் தொடாமல் அவர்கள் போனார்கள். ஆனால் ஆட்டோ அன்னவாசல் போய்ச் சேருவதற்குள் பேச்சு சேர்ந்துவிட்டது. கன்று செத்தால் கல்யாணம் முறியும், மண்டபத்தில் ஒருத்தி செத்த கன்றின் பெயரை வேறு கன்றில் மாற்றிக் கட்டுகிறாள், யார் பெயரை எதில் கட்டினாளோ என்று கிளம்பியது. குழந்தை இல்லாதவர்கள், மாமியாரோடு ஒத்துப்போகாதவர்கள், வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை போன் எடுக்காதவர்கள் என்று ஒவ்வொரு வீட்டாராக வந்து தோப்புக்குள் நுழைந்து அட்டைகளைப் புரட்டினார்கள். இரண்டு பெண்கள் ஒரே வேம்புக்குச் சண்டை போட்டார்கள். ஒருத்தி, தன் மருமகள் பெயர் இருந்த கிளையை ஒடித்துக்கொண்டு போனாள். கல்யாணத்தன்று இதே கன்றுகள் கழிவறை வாசலில் உருண்டபோது இவர்களில் ஒருவர் கண்ணும் அங்கே போகவில்லை.

உதயசூரியன் அவளைக் கூப்பிட்டார்.

"பங்குனி முகூர்த்தம் கைவிட்டுப் போகும்போல இருக்கும்மா. 'அந்தப் பொம்பளை இன்னும் அங்கதான் இருக்காளா'ன்னு கேக்குறாங்க. அட்டை ஒண்ணு பாக்கியில்லாம அவுத்துரு. இல்லைன்னா நாளையிலேருந்து வராதே."

"அட்டை போனா குப்பை வரும் சார்."

"அது என் மண்டபத்துக்கு வெளியில."

அன்று சாயங்காலமே இருளாயியும் அடைக்கலமேரியும் அரிவாளால் அட்டைக் கயிறுகளை அறுத்தார்கள். மேரிக்கு அப்போதும் வாய் சும்மா இல்லை.

"ஏக்கா, கோர்ட்டுல வருசக்கணக்கா இழுக்குறாக. நம்ம ஒரே மணி நேரத்துல அத்தனை பேரையும் அத்துவிட்டுட்டோம் பாரு."

இருளாயி அடுத்த கயிற்றை அறுத்தாள்.

அவள் சொன்னது நடந்தது. முதல் பை புங்கன் தூரில் விழுந்து பிளந்தது. அதைப் பார்த்தவர்களுக்குத் தைரியம் வந்தது. ஒரு வாரத்துக்குள் பழைய வாடை ஜன்னலில் ஏறியது. இப்போது மரங்கள் இருந்ததால் அது முன்பைவிடக் கேவலமாக இருந்தது. மலத்துணிகள் கிளைகளில் மாட்டித் தொங்கின. நிழலில் குடல் காயாமல் நாள் கணக்கில் புழுத்தது. படம் எடுத்துக்கொண்டு போன நடைப்பயிற்சிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரிக்கு மாறினார்கள். பிறகு எவனோ ஒருவன், குப்பையைச் சுத்தம் செய்கிறேனென்று குவியலில் நெருப்பு வைத்தான். பிளாஸ்டிக் புகையில் நாவல் மரம் ஒன்று ஒரு பக்கம் முழுக்கக் கருகியது. சாலையோரப் புங்கனின் அடிப்பட்டை வெந்து உரிந்தது.

கருகிய பட்டையைத் தடவிப் பார்த்தபோது இருளாயிக்கு ஒன்று தெளிவாயிற்று. இன்னும் இரண்டு முறை நெருப்பு விழுந்தால் மரம் இருக்காது. மரம் போனால் அந்த ஜன்னலை அவள் இனித் திறக்கவே முடியாது.

துண்டை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, அன்று காலை விழுந்த பை ஒன்றைப் பிரித்தாள். இறால் ஓடு, சாப்பிட்டு மிஞ்சிய சோறு, ஒரு பழைய பல்துலக்கி. அதற்கு அடியில் கூரியரில் வந்த பிளாஸ்டிக் உறை ஒன்று. அதில் வெள்ளைத் தாள் ஒட்டி, இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. வாந்தியை விழுங்கிக்கொண்டு அதைக் கழுவி மேரியிடம் நீட்டினாள்.

"படிடி."

மேரி எழுத்துக்கூட்டினாள். "ஆ... ஆனந்தராஜ். வீட்டு நம்பர், தெரு, போன் நம்பர் எல்லாம் போட்டிருக்கு. அய்யோ, நம்ம சங்கத்துச் செயலாளரு வீட்டுதுக்கா!"

"நல்லாப் பாத்தியா?"

"சத்தியமா."

இருளாயி அந்தப் பையை அப்படியே மறுபடி முடிந்தாள். ஆனந்தராஜ் பிடித்துக்கொண்டு நின்றாரே, அதே புங்கனில், போகிறவர் கண்ணுக்கு நேரான உயரத்தில் கட்டினாள். கூரியர் உறையைச் சாலையைப் பார்த்து அதன் மேல் குத்தினாள்.

மத்தியானத்துக்குள் ஆனந்தராஜ் வந்துவிட்டார்.

"யாரும்மா இதைக் கட்டினது?"

"நாந்தான் சார்."

"என் பேரைப் போட்டு நடு ரோட்டுல... இது சட்டப்படி குத்தம், தெரியுமா? நான் போலீஸ்ல கம்ப்ளைண்ட் குடுப்பேன்."

"குடுங்க சார். எந்தக் குப்பைன்னு கேப்பாக. இறாலு ஓட்டைக் கொண்டாந்து மேசையில வச்சிருவோம்."

"இது எங்க வீட்டுது இல்லை."

"அப்பச் சரி சார். யார் வீட்டுதோ, அவுக வந்து எடுத்துக்குவாக. அதுவரைக்கும் தொங்கட்டும்."

ஆனந்தராஜ் சுற்றிலும் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குரலைத் தாழ்த்தினார்.

"அவுத்துரும்மா. வேலைக்காரப் பொண்ணு தெரியாமப் போட்டிருக்கும்."

"நீங்களே அவுத்துக்கங்க சார். ஒங்க வீட்டுச் சோறுதானே, என்ன கூச்சம்?"

அவர் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு முடிச்சைப் பிடித்தார். வெயிலில் வெந்திருந்த பையின் அடி கசிந்தது. அடைக்கலமேரி மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

"தள்ளிப் புடிங்க சார். சட்டையில ஒழுகுது."

அதன் பிறகு தினமும் காலையில் அவள் பை பிரித்தாள். கூரியர் உறை, மின்கட்டணச் சீட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் விடைத்தாள், மருந்துச் சீட்டு, பெயரெழுதிய கல்யாணப் பத்திரிகை என்று எது கிடைத்தாலும் பையோடு கட்டினாள். ஒருத்தர் அவளைத் திட்டினார். ஒருத்தர் அவளை மிரட்டிவைக்கும்படி புருஷனிடம் சொன்னார். ஆண்டியப்பன், "அவ என் பேச்சைக் கேட்டா நான் ஏங்க இப்படி இருக்கேன்?" என்று திருப்பியனுப்பினான். சிலர் உறையிலிருந்து பெயரைக் கிழித்துவிட்டுப் போடக் கற்றார்கள். அதற்குப் பட்ட பாட்டில், தொட்டுப் பிரித்துக் குப்பை வண்டியில் போட்டிருக்கலாம். ஆனாலும் பைகள் குறைந்தன. சித்திரை பிறந்தபோது தோப்புக்குள் ஒன்றும் விழவில்லை. வெந்த புங்கன் பக்கவாட்டில் துளிர் விட்டது. நாவல் பாதி மரமாக நிற்கிறது, பிழைக்கும்போலத்தான் தெரிகிறது.

இந்தப் பூங்காவைப் பற்றிப் பேச ஒரு கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்து அவளை அழைத்தார்கள். மரம் வளர்க்கும் ஆர்வம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமாம். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க," என்று அனுப்பிவிட்டாள்.

அன்று மத்தியானம் மண்டபத்துப் பின்வாசலில் உட்கார்ந்து அவள் தூக்குவாளியைத் திறந்தபோது, அடைக்கலமேரி இலையில் கேசரியோடு வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"ஏக்கா, நம்மாளுக குப்பையை இப்ப எங்கிட்டுக் கொண்டுபோறாக தெரியுமா? கொளத்துக்குத் தண்ணி போற வாரிக்குள்ள. நான் வாரப்ப பாத்தேன். பாலத்து மேல வண்டியை நிறுத்தி வரிசையா நின்னு போடுறாய்ங்க, கோயில்ல கூழு வாங்க நிக்கிற மாதிரி. ஒன்னோட ஸ்கூட்டர்காரனும் நிக்கிறான்."

"நிக்கட்டும்."

"நீ போயி அங்கிட்டும் நாலு பையைக் கட்டி விட்டா என்ன?"

"அங்கிட்டு எவ வீட்டு ஜன்னல் இருக்கோ, அவ கட்டட்டும். ஊருப்பட்ட பீயை அள்ளுறதுக்கா நான் பெறந்தேன்?"

"வாரிக்குப் பக்கத்துல வீடே இல்லைக்கா."

"அப்ப நாறட்டும்."

மேரி கேசரியை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். "மழை பெஞ்சா அம்புட்டும் கொளத்துலதான் போய்ச் சேரும். கொளத்துத் தண்ணி ஊறித்தானே நம்ம போர்க் கொழாயில வருது?"

இருளாயி பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். அந்தச் சோறு காலையில் அந்தக் குழாய்த் தண்ணீரில்தான் வெந்தது.

"வாயை மூடிக்கிட்டுத் தின்னுடி," என்றாள். கவளத்தைத் திரும்ப வாளிக்குள் போட்டு மூடினாள்.